கப்பல் கேம்ஸில் யார் கொள்ளைக்காரன்?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த முதல் மாதத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரியவர்கள் ரயில் டிக்கெட் புக் செய்யவும் மின் கட்டணம் கட்டவும் பழகிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அதற்குள் நான்கு கேம்ஸ் இன்ஸ்டால் செய்து முடித்திருப்பார்கள். அப்படி வந்து சேரும் கேம்ஸில் கடற்கொள்ளை கேம்ஸுக்கு எப்போதும் தனி இடம் உண்டு. மண்டை ஓட்டுக் கொடி, பீரங்கி, புதையல், புயல் என்று எல்லாம் ஒரே கேமில் கிடைக்கிறதே!

இதில் பெற்றோர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "கொள்ளையடிப்பதைப் போய்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதா?" என்று ஒரு கட்சி தடை போடுகிறது. "கேம்தானே, ஆடிவிட்டுப் போகட்டும்" என்று இன்னொரு கட்சி கண்டுகொள்வதில்லை. என் கருத்து இதுதான்: தாராளமாக ஆடட்டும். ஆனால் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தக் கேமில் யார் கொள்ளைக்காரன்? அதை யார் முடிவு செய்தது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேட கரீபியன் கடல் வரை போகத் தேவையில்லை. நம் தூத்துக்குடிக் கடல் போதும்.

முதலில் கேம்ஸைத் தெரிந்துகொள்வோம்

கப்பல் கேம்ஸின் தாத்தா என்று 'சிட் மெய்யர்ஸ் பைரேட்ஸ்' கேமைச் சொல்லலாம். 1987-இல் முதலில் வந்தது. 2004-இல் அதையே முப்பரிமாணப் படங்களுடன் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். பிரிந்துபோன குடும்பத்தைத் தேடி ஓர் இளைஞன் கரீபியன் கடலில் கப்பல் ஓட்டுகிறான். வியாபாரம் செய்யலாம், சண்டை போடலாம், புதையல் தேடலாம், கவர்னர் வீட்டு விருந்தில் நடனம்கூட ஆடலாம். ரத்தம் தெறிக்கும் காட்சிகள் கிடையாது. 2004-ஆம் ஆண்டு கேம் என்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பே போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2013-இல் வந்த 'அஸாஸின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்' கடலை மிக அழகாகக் காட்டும் கேம். அலை எழும்பிக் கப்பல் தளத்தில் அடிப்பதையும், மாலுமிகள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்வதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கத்திக் குத்தும் கொலையும் அதிகம். ஐரோப்பிய வயது முத்திரையில் இதற்கு 18 என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம்.

2018-இல் வந்த 'ஸீ ஆஃப் தீவ்ஸ்' கூட்டாக ஆடுவது. இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் ஓடாது. பாயை ஒருவர் திருப்ப வேண்டும், நங்கூரத்தை ஒருவர் தூக்க வேண்டும், சுக்கானை ஒருவர் பிடிக்க வேண்டும். கப்பலில் ஓட்டை விழுந்தால் பலகை வைத்து அடைத்து, வாளியில் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். நான்கு நண்பர்கள் சேர்ந்தால் சிரித்தே வயிறு வலிக்கும்.

2024-இல் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' வந்தது. இதைச் செய்தது யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர் கிளை. கதை நடப்பது இந்தியப் பெருங்கடலில். ஆகா, நம் கடல் ஆயிற்றே என்று ஆசையோடு வரைபடத்தைத் திறந்தால் ஆப்பிரிக்கக் கரை இருக்கிறது, கிழக்கிந்தியத் தீவுகள் இருக்கின்றன. முத்துக்குளித்துறையைக் காணோம்!

கேம்ஸ் சரியாகச் சொல்லும் விஷயம்

இந்தக் கேம்ஸிடம் நான் மதிக்கும் முதல் விஷயம் காற்று. 'பைரேட்ஸ்' கேமில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். மேற்கே போகும்போது கப்பல் பறக்கும். அதே வழியில் திரும்பி வரும்போது நாள்கணக்கில் இழுக்கும். காற்று எந்தக் கோணத்தில் வந்தால் வேகம் கூடும் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். சின்னக் கப்பல் ஒன்று பெரிய போர்க்கப்பலிடமிருந்து தப்பிப்பது இந்த வித்தையால்தான். 'ஸீ ஆஃப் தீவ்ஸ்' கேமில் வானத்தில் ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துப் பாயைத் திருப்ப வேண்டும்.

இது வெறும் கேம் விதி என்று நினைக்காதீர்கள். நம் கரையின் வாழ்க்கையே இந்த விதியில்தான் ஓடியது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து வந்தால் தென்றல், மேற்கிலிருந்து வந்தால் கோடை என்று தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் கச்சான், சோழகம் என்று மேலும் சொல்வார்கள். முத்துக்குளிப்பு நடந்ததும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடையில் கடல் அடங்கிக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டித்தான். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிப் போகும் தோணிகள், இன்ஜின் பொருத்திய பிறகும்கூட, தென்மேற்குப் பருவக்காற்று உக்கிரமாக வீசும் மாதங்களில் கரையில்தான் நிற்கும்.

இரண்டாவது விஷயம் ஆட்கள். 'பைரேட்ஸ்' கேமில் நாளாக நாளாக மாலுமிகளின் முகம் சுருங்கும். பங்கு பிரித்துக் கொடுக்காமல் இழுத்தடித்தால் கப்பலை விட்டே போய்விடுவார்கள். பீரங்கிக் குண்டிலும் கணக்கு இருக்கிறது. உருண்டைக் குண்டு கப்பலின் உடலை உடைக்கும். சங்கிலிக் குண்டு பாயைக் கிழிக்கும். சிதறு குண்டு தளத்தில் நிற்கும் ஆட்களை வீழ்த்தும். எதிரிக் கப்பலை முழுசாகப் பிடிக்க வேண்டுமென்றால் எந்தக் குண்டைப் போடக் கூடாது? பத்து வயதுப் பிள்ளை இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். இப்படி யோசிக்க வைக்கும் கேமைத் 'தண்ட வேலை' என்று ஒதுக்குவது சரியில்லை.

ஒரு துண்டுச் சீட்டு

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். 'பைரேட்ஸ்' கேமில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் ஸ்பெயின் கப்பலைக் கொள்ளையடித்துவிட்டு இங்கிலாந்து கவர்னரைப் போய்ப் பாருங்கள். தண்டிக்க மாட்டார். கைகுலுக்கி, எதிரிக் கப்பலைப் பிடிக்கலாம் என்று அனுமதிக் கடிதம் கொடுப்பார். இன்னும் இரண்டு கப்பலைப் பிடித்தால் பதவியும் பட்டமும் தருவார். அதே வேலையை அவருடைய நாட்டுக் கப்பலிடம் செய்தால் உங்கள் தலைக்கு விலை வைப்பார்கள். செய்த வேலை ஒன்றுதான். கடிதம் இருந்தால் வீரன், இல்லாவிட்டால் கொள்ளைக்காரன்.

இது கேமுக்காகக் கட்டிய கதை இல்லை. ஐரோப்பாவில் அரசர்கள் நிஜமாகவே இப்படிக் கடிதம் கொடுத்தார்கள். நம் கடலுக்கு இது வேறு உருவத்தில் வந்தது. 1500-களின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியர்கள் இந்தியப் பெருங்கடலில் 'கர்த்தாஸ்' என்ற சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். கப்பலின் பெயர், தலைவன் பெயர், சரக்கு, போகும் இடம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். சீட்டின் விலை பெரிதல்ல. ஆனால் போர்ச்சுக்கீசியத் துறைமுகத்தைத் தொட்டு அங்கே சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்பார்கள், சரக்கைப் பறிப்பார்கள். பல நூறு ஆண்டுகளாக யாரையும் கேட்காமல் ஓடிய கப்பல்கள் ஒரே நாளில் 'சட்ட விரோதம்' ஆகிவிட்டன.

முத்துக்குளித்துறையில் இந்தக் கதை இன்னும் சிக்கலானது. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமை பற்றி இந்தக் கரையில் கடும் மோதல் இருந்தது. பரதவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்ச்சுக்கீசியரின் உதவி கேட்டார்கள். அதைத் தொடர்ந்து அவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். 1538-இல் மண்டபம் அருகே வேதாளையில் போர்ச்சுக்கீசியக் கப்பல்களுக்கும் மரைக்காயர்களின் கப்பல்களுக்கும் பெரிய சண்டை நடந்தது. போர்ச்சுக்கீசியர்கள் வென்றார்கள்.

பரதவர் வீட்டுக் கதையில் அன்று வந்தது பாதுகாப்பு. மரைக்காயர் வீட்டுக் கதையில் அன்று வந்தது கொள்ளை. இரண்டு வீட்டாரும் இதே கடலை நம்பிப் பிழைத்தவர்கள். பாதுகாக்க வந்தவர்கள் பிறகு முத்துக்குளிப்பின் மேல் தாங்களே வரி வாங்கினார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது வரி வாங்கும் கை மாறியது, வரி மாறவில்லை. ஒரே சண்டைக்கு இத்தனை பக்கங்கள்! இதை எந்தக் கேம் நமக்குக் காட்டியிருக்கிறது?

மலபார் கரையில் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக இருந்த குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்ச்சுக்கீசியர்கள் கொள்ளையர்கள் என்றுதான் எழுதினார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவில் கொன்றார்கள். மேற்குக் கரையில் மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே, 1729-இல் இறக்கும் வரை, தன் கடலில் போகும் வணிகக் கப்பல்கள் தன்னிடம் சீட்டு வாங்க வேண்டும் என்றார். ஐரோப்பியர்கள் செய்த அதே வேலை! ஆனால் ஆங்கிலேயர்கள் அவரைப் 'பைரேட்' என்றார்கள். இன்று மும்பையில் உள்ள இந்தியக் கடற்படைத் தளங்களில் ஒன்றின் பெயர் ஐஎன்எஸ் ஆங்கரே. இன்னொன்றின் பெயர் ஐஎன்எஸ் குஞ்ஞாலி. ஒருவர் எழுதிய புத்தகத்தில் கொள்ளைக்காரன், இன்னொருவர் கட்டிய தளத்தில் கதாநாயகன்.

தூத்துக்குடிக்கு வந்த ஆயுதக் கப்பல்

இதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹையோ' என்ற கப்பலை நம் கடலோரக் காவல் படை தடுத்து நிறுத்தித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கப்பலில் 35 பேர். துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இருந்தன. அவர்கள் கடற்கொள்ளையர்கள் அல்ல. சோமாலியக் கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காப்பாற்றும் தனியார் காவலர்களும் அந்தக் கப்பலின் ஊழியர்களும்தான். உரிய அனுமதி இல்லாமல் ஆயுதங்களுடன் இந்தியக் கடல் எல்லைக்குள் வந்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. கொள்ளையரைத் தடுக்கப் புறப்பட்டவர்கள், அனுமதி பற்றிய ஒரு கேள்வியால் நான்கு ஆண்டுகள் வழக்கிலும் சிறையிலும் கழித்தார்கள்.

இதில் காவல் படையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயுதத்தோடு வருகிற கப்பலை எந்த நாடும் கேள்வி கேட்கத்தான் செய்யும். நான் சொல்ல வருவது வேறு. கடலில் ஆயுதம் ஒன்றுதான். அதைப் பிடித்திருப்பவர் காவலரா, கொள்ளையரா என்பதைக் காகிதமும் எல்லைக்கோடும் அதை எழுதியவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். கேமில் கவர்னர் கடிதம் நீட்டும்போது பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பீரங்கி இல்லாத கடற்போர்

கடற்போர் என்றாலே பீரங்கிதான் என்று கேம்ஸ் பழக்கிவிட்டன. நம் கரையில் நடந்த மிகப் பெரிய கடற்போரில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அது டிக்கெட் விலையில் நடந்த போர்.

1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. முதலில் சுதேசிக் கம்பெனி வாடகைக் கப்பல் ஓட்டியது. வாடகைக்குக் கொடுத்தவர் நெருக்கடிக்கு ஆளாகிக் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து ஒரு கப்பலைக் கொண்டுவந்து சமாளித்தார் வ.உ.சி. பிறகு 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. இலவசமாக ஏறுங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று பிரிட்டிஷ் கம்பெனி இறங்கிவந்தது ஊரறிந்த கதை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டிக்காரர் கைக்கே போயின.

1961-இல் சிவாஜி கணேசன் நடித்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயராக நான் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. இது அப்படியே ஒரு கேம்! பங்கு விற்றுப் பணம் திரட்ட வேண்டும். வாடகைக் கப்பலா, சொந்தக் கப்பலா என்று முடிவு எடுக்க வேண்டும். எதிரி விலையைக் குறைத்தால் நீங்கள் எவ்வளவு குறைக்கலாம், எத்தனை மாதம் நட்டத்தில் ஓடலாம் என்று கணக்குப் போட வேண்டும். எதிரிக்குப் பின்னால் அரசாங்கமே நிற்கிறது என்பது கடைசி லெவல்.

இப்படி ஒரு கேம் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். 2009-இல் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்ற பெயரிலேயே ஒரு கேம் வந்தது. 1600 முதல் 1750 வரையிலான காலம். வியாபாரம், கப்பற்படை, துறைமுகங்களைப் பிடிப்பது எல்லாம் உண்டு. ஆனால் நீங்கள் ஐரோப்பியக் கம்பெனியாக மட்டுமே ஆடலாம். இந்தியத் துறைமுகம் என்பது நீங்கள் போய்ப் பிடிக்க வேண்டிய புள்ளி. அங்கே இருப்பவர்களின் பக்கம் நின்று ஆட வழி இல்லை.

நல்ல வேளையாக நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. 'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2' கேமுக்கு 2022-இல் வந்த 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பில் 'திராவிடர்கள்' என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 'திரிசடை' என்ற போர்க்கப்பல் அவர்களுக்கு மட்டும் உண்டு. ராஜேந்திர சோழனின் படையெடுப்பை நீங்களே நடத்தலாம். 2025-இல் வந்த 'சிவிலைசேஷன் 7' கேமிலும் சோழர்கள் இருக்கிறார்கள்.

சந்தோஷம்தான். ஆனால் அங்கேயும் என் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போனபோது அந்தக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அவை எப்படித் தெரிந்திருக்கும்? நம் கொடி பறந்தால் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை.

அப்படியென்றால் திருட்டு சிடியும் சரியா?

புத்திசாலிப் பிள்ளை ஒன்று உங்களை இப்படி மடக்கலாம். "சீட்டு இருந்தால் வியாபாரி, இல்லாவிட்டால் கொள்ளைக்காரன் என்பது பெரியவர்கள் கட்டிய கதை என்றால், காசு கொடுக்காமல் கேமை காப்பி செய்வதை மட்டும் ஏன் 'பைரஸி' என்று திட்டுகிறீர்கள்?"

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் கடைத்தெருவில் ஐம்பது ரூபாய்க்கு விற்ற காப்பி சிடியில் கேம்ஸ் ஆடி வளர்ந்த தலைமுறை நம்முடையது. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். போர்ச்சுக்கீசியர்கள் சீட்டு விற்றது கடலுக்கு. கடலை அவர்கள் உண்டாக்கவில்லை, அது அவர்களுடையதும் அல்ல. கேம் கம்பெனி விற்பது தன் ஆட்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புரோகிராமை, வரைந்த படத்தை, போட்ட இசையை. தன் உழைப்புக்கு விலை கேட்பதும், ஊர்க் கடலுக்கு விலை கேட்பதும் ஒன்றல்ல. புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் எனக்கு இது சற்று அதிகமாகவே உறைக்கும்.

நியாயத்தை விட்டுவிட்டு நடைமுறையைப் பாருங்கள். கிராக் செய்த கேமை டவுன்லோட் செய்தால், "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று ஒரு குறிப்பு பல நேரம் கூடவே வரும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்பது போன்ற ஆலோசனை இது! அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள். கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் திருடி அனுப்பும் புரோகிராம்கள் இந்த வழியாகத்தான் சுலபமாக உள்ளே வருகின்றன. பழைய கப்பல் கேம்ஸ் தள்ளுபடி நாள்களில் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. அதற்கு இவ்வளவு ஆபத்து தேவையா?

வாங்கும் முன் சில யோசனைகள்

1. முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மென்ஸ்' பகுதியில் மெமரி எவ்வளவு, கிராஃபிக்ஸ் எது என்று தெரியும். கேம் விற்கும் பக்கத்தில் போட்டிருக்கும் தேவையுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2. 'பைரேட்ஸ்' கேமின் கன்ட்ரோல்கள் கீபோர்டின் வலது பக்கத்தில் உள்ள எண் கீகளை நம்பியவை. சிறிய லேப்டாப்களில் இந்தக் கீகள் இருக்காது. யூஎஸ்பியில் சொருகும் தனி நம்பர் பேடு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மவுஸாலும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் வாள் சண்டையில் கை தடுமாறும்.

3. 'ஸ்டீம்' என்ற விற்பனைத் தளத்தில் வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால் 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கிய உடனே ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். கேம் ஓடுகிறதா, திணறுகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

4. இன்டர்நெட்டில் மற்றவர்களோடு ஆடும் கேமில் பேச்சு வசதி இருக்கும். மறுமுனையில் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. பிள்ளைகள் ஆடும்போது அதை நிறுத்தி வையுங்கள், அல்லது தெரிந்த நண்பர்களோடு மட்டும் ஆடச் சொல்லுங்கள்.

நாமே ஒரு தோணி ஓட்டலாம்

ஆடிச் சலித்த பிள்ளையை அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். 'ஸ்கிராட்ச்' என்ற புரோகிராம் இலவசம். அமெரிக்காவின் எம்ஐடி-யில் உருவானது. கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கி கேம் செய்யலாம்.

ஒரு தோணிப் படம் வரையுங்கள். இடது, வலது அம்புக் கீகளால் அது திரும்பட்டும். 'காற்று' என்று ஒரு வேரியபிள் வைத்து, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அதில் போடுங்கள். தோணியின் முகம் அந்தத் திசையிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று கணக்கிடுங்கள். 45 டிகிரிக்குள் இருந்தால், அதாவது காற்று நேர் முகத்தில் அடித்தால், வேகம் பூஜ்யம். பக்கவாட்டில் வந்தால் வேகம் அதிகம். பின்னாலிருந்து வந்தால் நடுத்தரம். அவ்வளவுதான் விதி.

தூத்துக்குடியை இந்தப் பக்கமும் கொழும்பை அந்தப் பக்கமும் வைத்துவிட்டால் கேம் தயார். எதிர்க் காற்றில் நேராகப் போக முடியாமல் பிள்ளை திணறும். வளைந்து வளைந்து போய்ப் பார்க்கும். பாய்மரத் தோணி ஓட்டியவர்கள் கையால் அறிந்ததை அது கீபோர்டில் அறியும்.

அடுத்து, கல்லூரி மாணவர்கள் வீட்டில் இருந்தால் 'கோடாட்' பக்கம் கை காட்டுங்கள். அதுவும் இலவசம்தான். பெரிய கேம்ஸ் செய்யும் அளவுக்கு வசதிகள் அதில் இருக்கின்றன. வ.உ.சி.யின் கட்டணப் போரை கேமாக்க ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனி தேவையில்லை. கணக்கும் பொறுமையும் உள்ள இரண்டு மூன்று பேர் போதும். 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயரை வைத்தோம். அவருடைய போராட்டத்தை ஒரு பிள்ளை மவுஸைப் பிடித்து ஆடிப் பார்க்கும் நாளும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அது வரும்வரை கரீபியன் கடலிலேயே ஆடுவோம், தவறில்லை. அங்கேயும் காற்று காற்றுதான், கணக்கு கணக்குதான். கவர்னர் சிரித்த முகத்தோடு கடிதத்தை நீட்டும்போது மட்டும் உங்கள் பிள்ளை ஒரு நிமிடம் மவுஸை நிறுத்தி, "இந்தச் சீட்டை எழுதிக் கொடுக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டால் போதும். கேமுக்குக் கொடுத்த காசு அங்கேயே திரும்பி வந்துவிட்டது.